வாலில் ஒரு கிராம்

2014-இல், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், எங்கள் வைண்டிங் கடைக்கு ஒரு கல்லூரிப் பையன் நனைந்துகொண்டே வந்தான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான். பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு மோட்டார். கருகிய வாசம் குப்பென்று அடித்தது. ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் எரிந்தாலும் அதே வாசம்தான்.

"இதுக்குக் காயில் கட்ட முடியுங்களாண்ணா?"

கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் கடைக்கு வருவதெல்லாம் போர்வெல் மோட்டார், மோனோபிளாக், கிரைண்டர். அன்றுவரை என் கைக்கு வந்ததிலேயே சின்னது மிக்ஸி மோட்டார். "பொம்மையா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுண்டிப்போனது. "ஏரோபிளேனுங்ண்ணா. நெசமாவே பறக்கும்."

கோயமுத்தூர்க்காரனிடம் மோட்டாரைக் காட்டி முடியுமா என்று கேட்பது ஒருவிதச் சீண்டல். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின்மோட்டார் செய்து காட்டிய நாளிலிருந்து இந்த ஊருக்கு அந்தத் திமிர் உண்டு. (அதே 1937-இல்தான் அமெரிக்காவில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோ அலையால் இயக்கி ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இது பின்னாளில் அந்தப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) "வெச்சுட்டுப் போ, நாளான்னிக்கு வா," என்றேன்.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அதைப் பிரித்தேன். எங்கள் மோட்டாரில் வெளிக்கூடு நிற்கும், உள்ளே இருப்பது சுற்றும். இதில் தலைகீழ். காயில் கட்டிய ஸ்டாம்பிங் நடுவில் அசையாமல் நிற்க, காந்தம் ஒட்டிய வெளிக்கூடே சுற்றுகிறது. ஸ்டாம்பிங்கின் குறுக்களவு 22 மில்லிமீட்டர், உயரம் 12. அதனால் அதன் பெயரே 2212. பல் பன்னிரண்டு, காந்தம் பதினாலு. வெளியே வருவது மூன்று ஒயர்.

மூன்று ஒயரா? அப்படியானால் த்ரீ பேஸ் மோட்டார். பேட்டரியில் ஓடுவது எப்படி த்ரீ பேஸ் ஆகும்? இந்தக் கேள்வி அன்று என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஈ.எஸ்.சி. என்று தீப்பெட்டி அளவில் ஒரு பலகை இருக்கிறதாம். அது பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி மூன்று பேஸாக மாற்றி ஊட்டுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாலு காந்தம் என்றால் ஏழு ஜோடி. நிமிடத்துக்கு 8,400 சுற்று என்றால் விநாடிக்கு 140. ஏழால் பெருக்கினால் 980. மின்வாரியம் நமக்குத் தருவது விநாடிக்கு 50 அலை. இந்த நெல்லிக்காய் ஆயிரத்தைத் தொடுகிறது! கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பல்லை அவிழ்த்து எண்ணியதில் 13 சுற்று. மூங்கில் குச்சியைச் சீவி ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே பன்னிரண்டு பல்லுக்கும் கட்டினேன். ஒரே பேஸின் பக்கத்துப் பல்லில் சுற்றும் திசை மாறும். இரண்டு பல்லில் திசையைத் தப்பாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியதே தவிர சுற்றவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். கடைசி முனைகளை ஸ்டாராகச் சேர்ப்பதா டெல்டாவாகச் சேர்ப்பதா என்ற இடத்தில் மட்டும் எனக்கு வாத்தியார் தேவைப்படவில்லை. டெல்டாவில் வேகம் 1.73 மடங்கு கூடும், ஆம்பியரும் கூடவே ஏறும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் பிரித்து மேய்ந்தவனுக்கு அது மனப்பாடம்.

ஓட விட்டதும் தலைகீழாகச் சுற்றியது. பையன் பதறினான். மூன்று ஒயரில் ஏதோ இரண்டை மாற்றி மாட்டினேன், திசை திரும்பியது. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் நாங்கள் செய்வதும் அதையேதான். அந்த சந்தோஷத்தில், பையன் கொண்டுவந்திருந்த பத்து அங்குல பிளாஸ்டிக் விசிறியை மாட்டி, மோட்டாரை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வேகத்தை ஏற்றச் சொன்னேன். மூன்று தையல். இடது ஆள்காட்டி விரலில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது. மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும் என்பதை நான் யாருக்கும் வாயால் சொல்வதில்லை. விரலைக் காட்டுவேன்.

கூலி 150 ரூபாய். கூடவே ஒரு நிபந்தனை போட்டேன்: பறக்கும்போது நான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பொள்ளாச்சிச் சாலையில் போய் உள்ளே திரும்பி, சோளம் அறுத்த ஒரு காட்டில் நின்றோம். பையன் ஓடிவந்து கையால் எறிந்தான். நான் கட்டிய காயில், நான் வார்னிஷ் பூசிய காயில், தரையைத் தொடாமல் போய்க்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக நான் கட்டிய மோட்டாரில் பெரும்பாலானவை பூமிக்குள் போனவை. முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி என்று குழாயில் கட்டி இறக்குவார்கள், அதோடு கண்ணில் படாது. மேலே போன முதல் மோட்டார் இதுதான். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு கிட் வாங்கிவிட்டேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பெட்டி வந்தபோது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. மூன்றரை அடி நீளப் பெட்டியில் கனமே இல்லை. உள்ளே லேசரில் வெட்டிய பல்சாப் பலகைகள், கொஞ்சம் பிளைவுட், இரும்புக் கம்பி, சக்கரம், சுருட்டிய பெரிய வரைபடம். இறக்கை முனைக்கு முனை 1,200 மில்லிமீட்டர், அகலம் 200. இறக்கை உடம்புக்கு மேலே உட்காரும் வகை. கற்றுக்கொள்பவர்களுக்கு அதுதான் தோது. மூன்று சேனல்: வேகம், ஏற்ற இறக்கம், இடம் வலம். எல்லாம் முடிந்து பேட்டரியோடு 680 கிராம் இருக்க வேண்டும் என்று வரைபடத்தின் மூலையில் போட்டிருந்தது.

பல்சாவைக் கையில் எடுத்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். மரம் மாதிரி இருக்கும், மரத்தின் கனம் இருக்காது. தென் அமெரிக்காவில், முக்கியமாக எக்வடோரில் வளர்க்கிறார்கள். ஐந்தாறு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடுமாம். ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோவை ஒட்டி இருக்கும் என்றால் நல்ல பல்சா 100 கிலோ முதல் 160 கிலோதான். ஆனால் பலகைக்குப் பலகை மாறும். பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய மாதிரி இருக்கும் இரண்டு துண்டில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு கனக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும், வளைத்தால் தெரியும். எனக்கு அன்று அது தெரியவில்லை. எது கைக்கு வந்ததோ அதை எடுத்து ஒட்டினேன்.

இறக்கை கட்டுவதுதான் இந்த வேலையிலேயே ருசியான பகுதி. பழைய சாஃப்ட் போர்டு ஒன்றை மேசைமேல் போட்டு, அதன்மேல் வரைபடம், அதன்மேல் பாலிதீன். பாலிதீனை மறந்தால் இறக்கை வரைபடத்தோடு பிறக்கும். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் கீழ் ஸ்பார் குச்சியைக் கோட்டின்மேல் வைத்துக் குண்டூசியால் அடைக்க வேண்டும். குண்டூசியை மரத்தில் குத்தக் கூடாது, இருபுறமும் சாய்த்து நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு குறுக்கே நிற்கும் ரிப் ஒவ்வொன்றாக அதன் காடியில் உட்கார வைத்து, மூலைமட்டத்தால் நேர் பார்க்க வேண்டும். பசை இல்லாமல் எல்லாவற்றையும் முதலில் பொருத்திப் பார்த்துவிட்டு, பொருத்தம் சரி என்றால் மட்டும் தண்ணீர் மாதிரி ஓடுகிற சி.ஏ. பசையில் ஒரு சொட்டு. அது இடுக்கைத் தானே தேடிப்போய்க் குடிகொள்ளும். காற்றிலும் மரத்திலும் இருக்கிற துளி ஈரமே அதை இறுக்கிவிடும், எண்ணி ஐந்து விநாடி. ஒரு சொட்டு ஏறும்போது மரம் இலேசாக நிறம் மாறுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. குனிந்து பார்த்தால் புகை கண்ணில் ஏறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அந்த ஒரு சொட்டு போதவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் ஒரு வேலையைப் பாராட்ட ஒரே சொல்தான் உண்டு: கெட்டி. "அவன் கட்டுனா கெட்டியா இருக்கும்" என்று நாலு ஊரில் பேசினால் பிழைப்பு ஓடும். ஆயிரம் அடியிலிருந்து மோட்டாரை மறுபடி தூக்குவதென்றால் விவசாயிக்கு எத்தனை செலவு! அதனால் ஸ்லாட்டில் ஒரு இன்சுலேஷன் பேப்பர் போதும் என்ற இடத்தில் இரண்டு வைப்போம், வார்னிஷ் ஒருமுறை முக்கச் சொன்னால் இருமுறை முக்குவோம். எடையைப் பற்றி என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. கிணற்றுக்குள் தொங்குவது இருபது கிலோவானால் என்ன, இருபத்தொன்றானால் என்ன?

ஆகவே ரிப்புக்கு ரிப் சி.ஏ. போட்டு, அது போதாதென்று மூலைக்கு மூலை எபாக்ஸியால் பூசினேன். வாலுக்கு இணைக்கும் தள்ளுகம்பி 1 மில்லிமீட்டரில் கொடுத்திருந்தார்கள். ஈர்க்குச்சி மாதிரி ஆடியது. தூக்கிப் போட்டுவிட்டு 2 மில்லிமீட்டர் கம்பி மாட்டினேன். கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் கனம் நாலு மடங்காகும் என்பது காயில் கம்பியோடு பிழைக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை. அரை மீட்டர் நீளத்தில் கம்பிக்கு மூன்று கிராம் என்பது பன்னிரண்டு கிராம் ஆனது, அதுவும் இரண்டு கம்பி.

வால் இறக்கைகள் வெறும் 4 மில்லிமீட்டர் பல்சாப் பலகை. தொட்டாலே நசுங்கியது. இதற்கு என்ன செய்யலாம் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். கடையில் வார்னிஷ் டப்பா இருந்தது. மோட்டார் காயிலை இறுக்குகிற அதே இன்சுலேஷன் வார்னிஷ். மூன்று பூச்சு. பல்சா தண்ணீர் கண்ட ஆடு மாதிரி குடித்தது. காய்ந்ததும் சுண்டிப் பார்த்தேன், டங்கென்றது. கெட்டி!

இன்னொரு திருவிளையாடலும் உண்டு. மோட்டார் உட்காரும் முன்பலகையைப் பொருத்தினால் அது நேராக நிற்கவில்லை. கீழ்நோக்கி ஒரு சாய்வு, வலப்பக்கமாக ஒரு சாய்வு, இரண்டு மூன்று டிகிரி இருக்கும். வெட்டியவன் குடித்துவிட்டு வெட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மோட்டாரின் ஷாஃப்ட் அச்சு கோணினால் எங்களுக்குச் சோறு இறங்காது. வாஷர் கொடுத்து, மட்டம் பார்த்து, அச்சை நூல் பிடித்த மாதிரி நேராக்கினேன்.

முடிந்து தராசில் வைத்தபோது 940 கிராம். சொன்னதைவிட 260 அதிகம். சொல்கிற எடையில் யார்தான் கட்டுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிட் பெட்டிகளில் அச்சடிக்கும் எடை பெண் பார்க்க வரும்போது சொல்லும் சம்பளம் மாதிரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் 260 கிராம் என்பது வேறு கதை.

பையன் வந்து பார்த்தான். இறக்கையை விரலால் தடவினான், ஒன்றும் சொல்லவில்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 62 மில்லிமீட்டரில் வரைபடத்தில் ஒரு வட்டக் குறி இருந்தது. அங்கே இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினான். மூக்கு மேலே போய், வால் பொத்தென்று தொங்கியது. விரலைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போனான். 85-இல் வந்துதான் சமமாக நின்றது.

"வால் கனமா இருக்குதுங்ண்ணா. மூக்குல ஈயம் வெக்கணும்."

"ஏற்கெனவே கனம் கூடிப்போச்சுங்கறே, இன்னும் ஈயமா? போ கண்ணு, பறக்கவிட்டுப் பாப்போம்."

அவன் சின்னப் பையன், நான் பெரியவன், அண்ணா வேறு. மேற்கொண்டு பேசவில்லை. அந்த மரியாதைக்கு நான் கொடுத்த விலை நாலாயிரத்துச் சொச்சம்.

எறிந்த மாத்திரத்தில் விமானம் மூக்கைத் தூக்கியது. ஏதோ ராக்கெட் மாதிரி நிமிர்ந்து, இடப்பக்கமாக உருண்டு, தென்னை உயரத்தில் ஒரு கணம் அப்படியே நின்றது. அந்த ஒரு கணம் அழகாகத்தான் இருந்தது. பிறகு மூக்குக் குப்புற வந்தது. கீழ்க்குச்சியை முழுக்கத் தள்ளினேன். தள்ளினால் தலைகுனிந்து பாய்ந்தது, விட்டால் மறுபடி நிமிர்ந்தது. நான் எது செய்தாலும் அதைப் பத்து மடங்காகச் செய்தது. மூன்றாவது குட்டிக்கரணத்தில் கரிசல் கட்டியில் இறங்கியது. எட்டு விநாடி இருக்கும்.

இறக்கை ஐந்தாறு துண்டு. மோட்டார் மண்ணுக்குள். வால் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் டங்கென்று நின்றது.

அதைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது பையன் ஒன்று சொன்னான். திட்டியிருந்தால் தேவலாம். "வால்ல நீங்க எத்தனை வார்னிஷ் அடிச்சீங்களோ, அதுக்கு மூணு பங்கு மூக்குல வெக்கணுங்ண்ணா. அதான் கணக்கு."

வீட்டுக்கு வந்து அந்த வாலைத் தராசில் வைத்தேன். 29 கிராம் இருக்க வேண்டிய வால் 47 இருந்தது. பதினெட்டு கிராம்; மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் வருகிற கனம். சமநிலைக் குறியிலிருந்து வால் 600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, மூக்கு 200. எங்கள் தாத்தா பஞ்சு நிறுக்க வைத்திருந்த வெள்ளிக்கோல் ஞாபகம் வந்தது. கொக்கியில் ஒரு மணு பஞ்சு தொங்கும், நீண்ட தண்டின் கோடியில் கைக்கடக்கமான ஒரு குண்டு அதைத் தூக்கி நிறுத்தும். சின்ன வயதில் அது மந்திரம் என்று நினைத்திருந்தேன். விமானத்தின் வால் அந்தத் தண்டின் கோடி. அங்கே பதினெட்டு கிராமைக் கூட்டினால் மூக்கில் 54 கிராம் ஈயம் கேட்கும். ஈயம் ஏறினால் மொத்தம் கனக்கும், கனத்தால் வேகமாகப் பறந்தாக வேண்டும், வேகமாகப் பறந்தால் வேகமாக இறங்கும், வேகமாக இறங்கினால் உடையும். உடையாமல் இருக்கத்தானே வார்னிஷ் அடித்தேன்!

முன்பலகைச் சாய்வின் கதையும் அப்புறம் விளங்கியது. இறக்கை மேலே இருக்கிற விமானத்தில் மோட்டார் வேகம் ஏறினால் மூக்கு தானாகத் தூக்கும். விசிறி வலமாகச் சுற்றும்போது உடம்பு இடமாகப் புரளப் பார்க்கும், விசிறிக் காற்று திருகிக்கொண்டு போய் வாலையும் இடிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே அடக்கத்தான் கீழும் வலமும் சாய்த்து வெட்டியிருந்தார்கள். குடித்துவிட்டு வெட்டிய கோணல் இல்லை அது. நான்தான் தெளிந்த புத்தியோடு அதை நிமிர்த்தினேன்.

இரண்டாவது கிட்டுக்கு ஆறு மாதம் ஆனது. இந்தமுறை முதலில் வாங்கியது நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன மின்தராசு. பெட்டியைத் திறந்ததும் ஒட்டுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் பென்சிலால் அதன்மேலேயே எழுதினேன். கனமான குச்சி ஸ்பாருக்கு, இலேசானது வாலுக்கு. ஒரு துண்டுக்குப் பாதி நாள் யோசித்தேன். மனைவி, "சீட்டுப் பணத்தைக்கூட இப்படி எண்ணலையே" என்றாள்.

உப்புத்தாளில் தேய்ப்பது பசை போடுவதைவிட முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது. தேய்க்கத் தேய்க்க விமானம் பிறக்கிறது. மாவு பறந்து மூக்கில் ஏறுகிறது, மீசை வெளுத்துவிடுகிறது, தராசில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று இறங்குகிறது. என் தொழிலில் எதையும் குறைத்துச் சந்தோஷப்பட்டதில்லை, இது புது அனுபவம்.

மேலே ஒட்டும் ஃபிலிம் சூட்டில் ஒட்டிச் சூட்டில் சுருங்கும். அதற்கென்று சின்ன இஸ்திரிப் பெட்டி விற்கிறார்கள், நான் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலேயே செய்தேன். அதன்பிறகு ஒரு வெள்ளைச் சட்டையில் சிவப்புத் தீற்றல் விழுந்து ஒரு வாரம் வீட்டில் சூடு அடங்கவில்லை. ஓரத்தை முதலில் குறைந்த சூட்டில் ஒட்டி, நடுவைப் பிறகு கூடுதல் சூட்டில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கையே வேண்டுமென்றும் செய்யலாம்: இறக்கை நுனியின் பின்விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு சூடு காட்டினால் அப்படியே நிலைத்துவிடும். வேகம் குறையும்போது நுனி முந்திக்கொண்டு விழாது.

இரண்டாவது விமானம் 695 கிராம். பதினைந்து கிராம் அதிகம். பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளியதில் ஈயமே இல்லாமல் 62-இல் நின்றது. என்னிடம் இன்று வருகிறவர்கள் எல்லோரும் மோட்டார் எத்தனை கே.வி., பேட்டரி எத்தனை எம்.ஏ.எச். என்றுதான் கேட்கிறார்கள். 1,000 கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு வெறும் ஓட்டத்தில் 1,000 சுற்று, அவ்வளவுதான், அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 62-ஐப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), நிறைந்தால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், எடுத்து வைப்பதானால் 3.8. நிறைத்தபடியே சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் விட்டால் பூரி மாதிரி உப்பும். நான் மண்சட்டியில் மணல் பரப்பி அதற்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. 1957-இல் இங்கிலாந்தில் டாப்ளின் என்ற கர்னல் முதன்முதலாக மின்மோட்டார் ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்டபோது வெள்ளி-துத்தநாகப் பேட்டரி வைத்திருந்தாராம். வெள்ளி! அதை நினைத்தால் லிப்போ விலையைக் கேட்டு முணுமுணுக்கத் தோன்றாது.

எங்கே பறக்கவிடுவது என்பது இந்த ஊரில் தனித் தலைவலி. ஒரு பக்கம் பீளமேட்டில் விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூரில் விமானப்படைத் தளம். 2021-இல் ட்ரோன் விதிகள் வந்தபிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் பிரித்துவிட்டார்கள். பச்சையில் 400 அடிவரை யாரையும் கேட்க வேண்டாம். பச்சையைத் தேடிப் போனால் அங்கே காற்று நிற்காது. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்புகிற காற்று ஆவணிவரை ஓயாது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடை, எங்களுக்கு விடுமுறை. தை, மாசி விடிகாலைதான் எங்கள் காலம். புல் நுனியில் பனி இருக்கும், எரிக்கிற சருகுப் புகை நேராக மேலே போகும்.

அப்படி ஒரு தை மாத விடிகாலையில்தான் இரண்டாவதை எறிந்தோம். எறிந்தது பையன், குச்சி என் கையில். அது எதுவும் செய்யவில்லை. நிமிரவில்லை, புரளவில்லை, சும்மா போனது. கை நடுங்கியதால் நான்தான் அதை ஆட்டினேன். குச்சியை விட்டதும் ஆட்டம் நின்று தன்பாட்டுக்குப் போனது. பெரிய வட்டமாகத் திருப்பினேன். என்னை நோக்கி அது திரும்பி வரும்போது எல்லோருக்கும் வருகிற குழப்பம் எனக்கும் வந்தது: அதன் வலம் என் இடம். "எந்த ரெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளுங்ண்ணா," என்று பையன் காதருகே சொன்னான். கீழே விழப்போகிறவனுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. தள்ளினேன், நிமிர்ந்தது. இன்றும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதையே சொல்கிறேன், இதைவிட நல்லதாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

நாலாவது சுற்றில் ஒரு பருந்து வந்தது. விமானத்துக்கு மேலே பத்தடியில், இறக்கையை அசைக்காமல், கூடவே. மோட்டாரைக் குறைத்தேன். சத்தம் இல்லாமல் இரண்டும் ஒரே சாய்வில் ஒரு சுற்று வந்தன. என்ன தோன்றியதோ, அது விலகிப் போய்விட்டது. ஏழு நிமிடத்தில் சோளத்தட்டைமேல் இறக்கினேன். ஒரு சக்கரம் வளைந்தது, அதை அங்கேயே கையால் நிமிர்த்தினேன்.

இப்போது கடையில் பாதி மேசை பல்சாவுக்கு. கல்லூரிப் பிள்ளைகள் கிட்டைக் கொண்டுவந்து கட்டித் தரச் சொல்கிறார்கள், சிலர் கூடவே உட்கார்ந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். தெர்மக்கோல் மாதிரி நுரையில் வார்த்த விமானம் ரெடிமேடாக வந்துவிட்ட காலத்தில் எதற்கு இது என்று கேட்பவர்களும் உண்டு. பறக்கக் கற்றுக்கொள்ள நுரைதான் நல்லது, விழுந்தால் பசை தடவி மறுபடி எறியலாம், நானே அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். கட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தனி. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பசை டப்பாவைத் திறந்ததும் என்னைப் போலவே இரண்டாவது சொட்டுக்குக் கை நீட்டுவார்கள். தட்டிவிடுவேன்.

அந்தப் பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் கடைக்கு வருவான். உடைந்த முதல் விமானத்தின் வாலைக் கடைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வந்ததும் அதை ஒருமுறை சுண்டிப் பார்ப்பான்.

போன வாரம் சுல்தான்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் நீர்மூழ்கி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். தக்காளிக்குத் தண்ணீர் நின்று மூன்று நாளாம். அந்த நேரம் பார்த்து நான் சின்னத் தராசில் ஒரு வால் பலகையை வைத்து, தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, அது என்ன தங்கமா?"

"இல்லீங்க, மரம்."

"மரத்தையா குண்டுமணிக் கணக்குல நிறுக்கறீங்க?" என்றவர், திரும்பித் தன் மோட்டாரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எம்பட மோட்டாரை மட்டும் கொஞ்சம் கெட்டியாவே கட்டிருங் சாமி."

இரண்டு பேப்பர் வைத்து, வார்னிஷில் இரண்டுமுறை முக்கிக் கொடுத்தேன்.